குளிசைக்கும் கழா

காசநோய் வராமல் தடுக்க என் கணவருக்குத் தினமும் ஒரு குளிசை கொடுத்திருந்தார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம். காசநோய் என்ற பேச்சு வெளியே போனால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று மறைத்தோம். காலைத் தேநீரோடு குடித்துவந்த குளிசையை நோன்பு மாதத்தில் அவர் மறந்தே போனார். ஒரு மாதக் குளிசை அப்படியே மிஞ்சிக் கிடந்ததைப் பெருநாள் கழிந்துதான் கவனித்தேன்.

"விட்ட நோன்பைப் பிறகு கழாவாப் புடிக்கிறம்தானே? இதையும் சேர்த்துக் குடிச்சிருங்க" என்றேன்.

"குளிசைக்கும் கழாவா புள்ள?" என்று சிரித்தபடி எல்லாவற்றையும் விழுங்கினார்.

ஒரு மணி நேரத்துக்குள் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டும் நிற்கவில்லை.

"என்ன மருந்து குடிச்சவர்? சொல்லுங்கம்மா" என்றார் டொக்டர்.

துணைக்கு வந்த பக்கத்து வீட்டு ராத்தா அருகில் நின்றார்.

"ஒண்டும் குடிக்கல்ல" என்றேன்.

அவருடைய உடல் மறுபடியும் உதறியது. உதடு நீலமானது. அதைப் பார்த்த பிறகுதான் உண்மையைச் சொன்னேன். உடனே அந்தக் குளிசையின் நஞ்சை முறிக்கும் விற்றமின் பி6 மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். வலிப்பு நின்றது.

"நீ சொல்லாட்டி நான் மௌத்து புள்ள" என்று இன்றும் சொல்வார். டொக்டர் முதலில் கேட்டபோது நான் மறைத்ததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.