முட்டைக் கட்டோடு கச்சேரிக்குப் போனது

லாரியிலிருந்து குதித்தது என் தப்புதான். அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததெல்லாமும் என் தப்புதான் என்று என் மனைவி சொல்கிறாளே, அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

விழுப்புரத்தில் எனக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை உடைக்கிற மில் இருக்கிறது. தோலோடு வருவதை உடைத்துப் பருப்பாக்கி வெளியூருக்கு அனுப்புகிறோம். யாரும் எனக்குத் தூக்கிக் கொடுத்த தொழில் இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, ஒவ்வொரு படியாக ஏறி வந்தவன். இன்றைக்கும் ஒரு பிடி மல்லாட்டையைக் கையில் எடுத்துக் குலுக்கினால் போதும், உள்ளே பருப்பு முற்றியதா சொத்தையா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். காணை ஊர்ப் பக்கத்து வியாபாரிகள் என் கண்ணைக் கட்டிக்கூடச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தோற்றது அவர்கள்தான்.

அதே காதுதான் எனக்கு நாதஸ்வரத்தையும் கொடுத்தது. ராகத்துக்குப் பெயர் கேட்டால் முழிப்பேன். ஆனால் சுதி ஒரு மயிரிழை விலகினாலும் எனக்குப் பல் கூசும்.

திண்டிவனத்தில் ஒரு கோயிலில் வருஷா வருஷம் பங்குனியில் மூன்று நாள் நாதஸ்வர விழா நடத்துகிறார்கள். உள் மண்டபத்தில் ஜமக்காளம் விரித்திருப்பார்கள். முதல் வரிசையில் தவிலுக்கு நேர் எதிரே ஒரு இடம். அது என் இடம். எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். வேறு யாராவது தெரியாமல் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்களே எழுப்பிவிடுவார்கள்.

இந்த வருஷம் எனக்கு அங்கே ஒரு முக்கியமான வேலை இருந்தது. பதினெட்டு பத்தொன்பது வயசில், முதுகில் எண்பது கிலோ பருப்பு மூட்டையோடு விழுப்புரம் கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே கல்யாண ஊர்வலம். அதில் ஒரு நாதஸ்வரக்காரர் எதையோ வாசித்தார். நான் நின்றுவிட்டேன். மூட்டையை இறக்கி வைக்கத் தோன்றவில்லை. அவர் வாசித்து முடிக்கிற வரைக்கும் எண்பது கிலோவோடு நின்றேன். அதற்குப் பிறகு அந்த மெட்டை நான் கேட்கவே இல்லை. எத்தனையோ வித்துவான்களிடம் முனகிக் காட்டினேன். என் குரல் எருமைக் குரல். யாருக்கும் பிடிபடவில்லை.

போன வருஷம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வித்துவான் வந்திருந்தார். கச்சேரி முடிந்ததும் அவரிடமும் முனகிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டார். வாத்தியம் கையில் இல்லாமலே விரல்கள் அசைந்தன. பிறகு, "புரிஞ்சுதுங்க ஐயா. போற போக்குல வாசிக்கிற சமாச்சாரம் இல்ல இது. அடுத்த வருசமும் என்னைத்தான் கூப்பிட்டிருக்காங்க. இதே எடத்துல உக்காருங்க, உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே வாசிக்கிறேன்" என்றார்.

ஒரு வருஷம் காத்திருந்தேன். அவருடைய கச்சேரிக்கு மூன்று நாள் இருக்கும்போது, மில்லில் ஒரு லாரி மேல் ஏறி மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இருந்து மேஸ்திரி கத்தினார்.

"மொதலாளி, செத்த இருங்க. ஏணி கொண்டாரச் சொல்றேன்."

"ஏணியா? எனக்கா?"

"வயசாவுதுல்ல மொதலாளி."

அந்தச் சொல்லைத்தான் அவர் சொல்லியிருக்கக் கூடாது. குதித்தேன். குதித்ததில் குறை இல்லை, இன்றைக்கும் சொல்கிறேன். கீழே சிதறிக் கிடந்த மல்லாட்டைதான் வேலையைக் காட்டியது. காலடியில் கோலிக்குண்டு மாதிரி உருண்டது. வலது கணுக்கால் உள்பக்கமாக மடங்கியது. எழுந்து நின்று, "ஒன்னும் இல்ல, வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, ஆபீஸ் அறை வரைக்கும் நேராக நடந்தேன். கதவைச் சாத்தின பிறகுதான் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன்.

வீட்டில் எக்ஸ்ரே எடுக்கலாம் என்றார்கள். என் உடம்பை இதுவரை எந்த மிஷினும் போட்டோ பிடித்ததில்லை. கோலியனூர் தாண்டி ஒரு கிராமத்தில் எலும்புக்குக் கட்டுப் போடுகிற வைத்தியர் இருக்கிறார். அவரிடம்தான் போனேன். முட்டையை உடைத்து வெள்ளைக்கருவை எடுத்து, உளுந்து மாவைப் போட்டுக் குழைத்து, துணியில் தடவி, மூங்கில் பட்டைகளை வைத்து முழங்காலுக்கு மேல் வரைக்கும் இறுக்கிச் சுற்றினார். ஒரு மணி நேரத்தில் கருங்கல் மாதிரி இறுகிவிட்டது.

"மூனு வாரம் பிரிக்கக் கூடாது. பிரிச்சீங்கன்னா அப்பறம் என்கிட்ட வராதீங்க" என்றார்.

அந்தக் காலை மடக்க முடியாது. சரி, ஜமக்காளத்தில் காலை நீட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து உட்காரலாம் என்று மனசுக்குள் ஏற்பாடு செய்துகொண்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, முட்டை வெச்சுக் கட்டிக்கினு கோயிலுக்குள்ள எப்பிடிப் போவீங்க?"

எனக்கு அது தோன்றவே இல்லை. "மஞ்சக்கரு இல்லடி. வெறும் வெள்ளைக்கருதான்" என்றேன்.

"வெள்ளையா இருந்தா அது கோழி போட்டது இல்லன்னு ஆயிடுமா?"

"மருந்துக்குப் போட்டது."

"அப்ப ஆட்டுக்கால் சூப்பையும் மருந்துன்னு குடிச்சுட்டு உள்ள போங்க."

முட்டை சாப்பிட்ட நாளில் குளித்து முழுகாமல் கோயில் வாசலைக்கூட மிதிக்காத குடும்பம் எங்களுடையது. இது சாப்பிட்டதுகூட இல்லை, உடம்பு மேலேயே பூசியிருக்கிறது. குளித்துக் கழுவவும் முடியாது. ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். காலையில் கோயில் குருக்களுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். நான் எதையும் மறைத்துச் செய்கிறவன் இல்லை.

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "கட்டுக்குள்ள என்ன இருக்குன்னு யாரு பாக்கப் போறா? நீங்க பாட்டுக்கு வந்துருக்கலாம். இப்ப என்னைக் கேட்டுட்டேளே! கேட்டப்புறம் வாங்கோன்னு எப்படிச் சொல்லுவேன்? வாசல்ல பந்தல் போட்டு நாற்காலி போட்டிருக்கு. ஸ்பீக்கர் இருக்கு. அங்க உக்காந்து கேளுங்கோ."

உண்மையைச் சொன்னவனுக்கு வாசல். இதுதான் எனக்குக் கிடைத்த மரியாதை. கட்டைப் பிரித்து எறிந்துவிடலாமா என்று கத்தியைக்கூடக் கையில் எடுத்தேன். மனைவி வாங்கி வைத்துக்கொண்டாள். "கால் கோணலா நின்னுச்சுன்னா அடுத்த வருசம் வாசலுக்குக்கூடப் போவ முடியாது" என்றாள்.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவள் உள்ளே போய் என் இடத்தில் உட்காருவது. வித்துவான் வந்து உட்கார்ந்ததும், நான் வாசலில் இருக்கிறேன் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது. அவர் வாசித்தால் எனக்கு ஸ்பீக்கரில் கேட்டுவிடும். முட்டைக் கட்டு விஷயம் விழாக் கமிட்டிக்காரர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று அவர்களிடம் நான் வாயைத் திறக்கவில்லை. கிண்டல் செய்வதற்கென்றே இரண்டு பேர் அந்தக் கமிட்டியில் இருக்கிறார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கச்சேரி. நாலரைக்கே திண்டிவனம் போய்விட்டோம். டிரைவர் என்னைப் பந்தலில் இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடிப் போனவர் கச்சேரி முடிகிற வரைக்கும் வரவே இல்லை. மனைவி பச்சைப் பட்டுப் புடவையோடு உள்ளே போனாள். எனக்குக் கிடைத்தது கடைசி ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் காலை அதன் மேல் வைத்தேன். வெயிலுக்குக் கட்டிலிருந்து ஒரு வாடை வேறு கிளம்பியது. இரண்டு ஈக்கள் வந்து கட்டின் மேல் உட்கார்ந்தன. முதல் வரிசைக்காரனுக்கு வந்த கதியைப் பாருங்கள்.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் சுண்டல் தின்றுகொண்டிருந்தார். என் வயசுதான் இருக்கும்.

"காலுக்கு இன்னா ஆச்சு?"

"லாரியில இருந்து குதிச்சேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கு?" என்றார். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

கச்சேரி ஆரம்பித்தது. ஸ்பீக்கரில் நாதஸ்வரம் தகர டப்பாவுக்குள் அழுகிற மாதிரி வந்தது. தவிலைக் கேட்கவே சகிக்கவில்லை. இடையிடையே பஸ் ஹாரன். நான்கு உருப்படி ஆயிற்று. ஒவ்வொன்றும் ஆரம்பிக்கும்போது, இதுவா, இதுவா என்று காதைத் தீட்டினேன். இல்லை. ஐந்தாவது ஆரம்பிக்கும் முன் மைக்கில் அவர் குரல் வந்தது.

"விழுப்புரத்துல மல்லாட்டை மில் வெச்சிருக்கிற ஐயா வந்திருக்காரா? போன வருசம் ஒன்னு கேட்டிருந்தாரு. அவருக்காக வாசிக்கணும்னு இருக்கேன்."

"இருக்கேன்! வெளியில இருக்கேன்!" என்று கத்தினேன். பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே ஒருவருக்கும் கேட்கவில்லை.

சரி, அவள் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. யாரோ இருமினார்கள்.

மனைவிக்கு போன் போட்டேன். கச்சேரியில் போனை அணைத்து வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஒவ்வொரு தடவையும் சொல்கிறவன் நான்தான். அணைத்துத்தான் வைத்திருந்தாள்.

சுண்டல்காரரிடம் திரும்பினேன். "ஐயா, அவரு கேக்குற ஆளு நான்தான். ஜல்தியா உள்ள ஓடி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன், புண்ணியமாப் போவும்."

"எழுந்தா சேர் பூடுமே" என்றார்.

"சேரை நான் பாத்துக்கிறேன்யா!"

"நீயே ரெண்டு சேர் போட்டுக்கினு இருக்கிற. உன்னை எப்பிடி நம்புறது?"

கைத்தடியைத் தேடினேன். அது நாற்காலிக்கு அடியில் உருண்டு போயிருந்தது. குனிந்து எடுத்து எழுந்து நிற்பதற்குள் ஸ்பீக்கரில் அவர் குரல் மறுபடியும் வந்தது. "வரலை போலிருக்கு. சரி, வேற ஒன்னு பாப்போம்." தவில் தொடங்கிவிட்டது. நான் ஒற்றைக் காலில் நின்றபடி அந்த வேற ஒன்றைக் கேட்டேன். நல்லாத்தான் வாசித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

கச்சேரி முடிந்து அவள் கையில் பிரசாதத்தோடு வெளியே வந்தாள். வித்துவான் பின்வாசல் வழியாகவே கிளம்பிவிட்டார் என்றாள். வண்டியில் ஏறும் வரைக்கும் பொறுத்துக்கொண்டேன்.

"கேட்டாரே, காதுல விழலையா?"

"விழுந்துது."

"அப்பறம் ஏன் வாயத் தொறக்கல?"

"அத்தினி ஆம்பளைங்க நடுவுல எழுந்து நின்னு இன்னான்னு சொல்லச் சொல்றீங்க? அவரு காலுல முட்டை இருக்குதுன்னா?"

"வெளியில இருக்காருன்னு சொன்னாப் போதாதா? ரெண்டு வார்த்தை!"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மொத மொத நான் பேசறதுக்கு இந்த எடந்தானா கெடைச்சுது? கல்யாணம் ஆன நாள்லேருந்து எங்க போனாலும் நீங்கதான் பேசுவீங்க. பையனுக்குப் பொண்ணு பாக்கப் போனாலும் நீங்க, பள்ளிக்கூடத்துல வாத்தியாரப் பாக்கப் போனாலும் நீங்க. நான் வாயத் தொறந்தா, நீ சும்மா இருன்னுவீங்க. சும்மா இருந்து பழகிட்டேன்."

விக்கிரவாண்டி தாண்டுகிற வரைக்கும் இதற்கு ஒரு பதில் யோசித்தேன். வியாபாரத்தில் என்னை யாரும் பேசி மடக்கியதில்லை. அன்றைக்கு, கூடவே வண்டிக்குள் வந்துவிட்ட ஈயை விரட்டுவதுதான் என்னால் முடிந்தது.

ஆத்திரம் தாங்காமல் மறுநாள் காலையில் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தேன். கட்டை வெட்டி எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எலும்பு முறியலங்க. வெறும் சுளுக்கு. எலாஸ்டிக் பேண்டேஜ் சுத்திக்கினு மெதுவா நடங்க, போதும்" என்றார். எலாஸ்டிக் பேண்டேஜில் முட்டை இல்லை. அதைச் சுற்றிக்கொண்டு கருவறை வாசல் வரைக்கும் போயிருக்கலாம். மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், கௌரவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கமிட்டிக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி வித்துவானின் நம்பரை வாங்கினேன். அந்த ஆள் சிரித்து முடிக்கவே நேரம் ஆயிற்று. நம்பரைப் போட்டுவிட்டு, மணி அடிக்கும்போது போனை மனைவியிடம் நீட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"நீ பேசு."

"நான் எதுக்குங்க?"

"பேசு."

தயங்கித்தான் ஆரம்பித்தாள். "வணக்கங்க. விழுப்புரம் மல்லாட்டை மில்லுங்க. அவரு சம்சாரம் பேசறேன். நேத்து மொத வரிசையில பச்சப் பொடவ கட்டிக்கினு உக்காந்திருந்தேனே, அது நான்தாங்க." பிறகு வேகம் பிடித்துவிட்டது. லாரி, குதித்தது, முட்டை, குருக்கள், ஈ வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். சுண்டல்காரர் கதையை நான் வண்டியில் புலம்பியதைக் கேட்டு வைத்திருந்தாள் போலிருக்கிறது, அதையும் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் சிரிப்பது எனக்குக் கேட்டது. இவளும் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் போனில் இவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. நடுவில் நான் கையை நீட்டினேன். இருங்க என்று கையாலேயே என்னைத் தடுத்துவிட்டு, "சரிங்க, வெச்சுடறேங்க" என்று வைத்துவிட்டாள்.

"இன்னா சொன்னாரு?"

"நல்ல மனுசங்க. காலைப் பாத்துக்கச் சொன்னாரு. அவரு அப்பாவுக்கும் இதே மாரி சுளுக்காம்."

"மெட்டு? அந்த மெட்டு என்னன்னு கேட்டியா? அடுத்த வருசம் வாசிப்பாரா?"

அவள் போனை என் கையில் கொடுத்தாள்.

"அத நீங்க கேக்கச் சொல்லவே இல்லியே" என்றாள்.