தாரும் சுண்ணாம்பும் பூசிய நிலா

அந்த உருண்டையைச் செய்து முடிப்பதற்குள் எங்கள் வீட்டுக் கோதுமை மாவெல்லாம் பசையாகக் கரைந்துவிட்டது. எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளில் எங்கள் காம்பராவின் நடுவே, அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து பழைய பத்திரிகைத் தாளைக் கிழித்துக் கிழித்துப் பசையில் தோய்த்து ஒட்டிக்கொண்டிருப்பார். உருண்டை ஒரு பெரிய பூசணிக்காய் அளவுக்கு வளர்ந்தது. ரோட்டு வேலைக்காரர்கள் விட்டுப்போன பீப்பாயின் அடியிலிருந்து தாரைச் சுரண்டி வந்து சூடாக்கி ஒரு பாதிக்குப் பூசினார். மறுபாதிக்கு லயத்துச் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு. ரொட்டி சுட மாவில்லாத கோபம் ஒரு பக்கம், தார் நாற்றம் மறுபக்கம் என்று அம்மா பொரிந்து தள்ளினார்.

“நெலாதான் செய்யணும்னா நம்ம நெலாவ செஞ்சா ஆகாதாடா? இது என்னா, ஒரு பக்கம் தீஞ்ச ரொட்டியாட்டம்?”

“இது சனியோட நெலாம்மா” என்றார் அண்ணன். அவ்வளவுதான். அம்மா சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அடப்பாவி, அந்தாளு பேர சொல்லிக்கிட்டு வீட்டுக்குள்ள வச்சா செய்யிற?” எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அண்ணன் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர். மாத்தளையில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு எங்கள் பாடசாலையிலிருந்து ஏதாவது போவது அதுதான் முதல் தடவை. நகரத்து இன்டர்நெட் கடையில் அவர் ஒரு படம் பார்த்திருந்தார். சனிக் கிரகத்துக்குப் போன விண்கலம் எடுத்த படம். இயாப்பெட்டஸ் என்று அந்த நிலாவுக்குப் பெயர். கண்காட்சியில் பேசப் போவதை அவர் வீட்டில் என்னிடம்தான் பேசிப் பார்ப்பார். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

இயாப்பெட்டஸின் ஒரு முகம் தார்க் கறுப்பு, மறுமுகம் பனிக்கட்டி வெள்ளை. அது சனியைச் சுற்றும்போது எப்போதும் ஒரே முகம்தான் முன்னே போகும். இன்னும் தூரத்தில் சுற்றும் வேறொரு நிலாவிலிருந்து கிளம்பும் தூசி அந்த முகத்தில்தான் வந்து படிகிறது. தூசி படிந்த பக்கம் வெயிலில் கூடுதலாகச் சூடாகிறது. அங்கிருந்த பனி ஆவியாகிப் போய் மறுபக்கத்தில் உறைகிறது. அதனால் கறுப்பு இன்னும் கறுக்கிறது, வெள்ளை இன்னும் வெளுக்கிறது. உடம்பெல்லாம் மோதல் பள்ளங்கள். எல்லாவற்றையும்விட விசித்திரம் அதன் இடுப்பு. சரியாக நடுவிலே வயல் வரம்பு போட்டது போல ஒரு மலைத்தொடர் ஓடுகிறது, இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை ஒட்டிய இடம் பிதுங்கி நிற்கிற மாதிரி. நம் நாட்டிலேயே உயரமான பீதுருதலாகல மலையை ஏழெட்டுத் தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அதன் உச்சியைத் தொடலாம் என்பார் அண்ணன், ஏதோ தானே ஏறி இறங்கியவர் போல.

அந்த மலைத்தொடர்தான் உருண்டையில் நிற்க மாட்டேனென்றது. ஒட்ட ஒட்ட விழுந்தது. கடைசியில் கட்டுக்கம்பியை இடுப்பைச் சுற்றி இறுக்கி, அதன் மேல் தாளை ஒட்டினார். தொங்கவிடுவதற்காகக் கம்பியின் இரண்டு நுனிகளையும் வெளியே நீட்டி விட்டார். “இனி ஆடாது பாரு தங்கச்சி” என்றார். முகமெல்லாம் பல்.

போர் முடிவதற்குக் கொஞ்சம் முந்திய காலம் அது. பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. நகரத்துக்குள் நுழையும் இடத்தில் எல்லோரும் பையும் அடையாள அட்டையுமாக இறங்கி வரிசையில் நடக்க வேண்டும். ஆமிக்காரர்கள் வெறும் பஸ்ஸைச் சோதிப்பார்கள். நான் மாத்தளையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தேன். கண்காட்சி நாளன்று வழக்கம்போல முதல் பஸ்ஸில் போய்விட்டேன். அண்ணன் அடுத்த பஸ்ஸில், உருண்டையை அம்மாவின் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு ஏறியிருக்கிறார். நெரிசலில் நசுங்கிவிடும் என்று பயந்து, சோதனைக்கு இறங்கும்போது அதைப் பின்சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். ஆமிக்காரன் சேலையை விலக்கிப் பார்த்தால் தார் நாற்றம், உருண்டை, நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கம்பி. வேறென்ன நினைப்பான்?

மத்தியானம் பஸ் கண்டக்டர் கடைக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். உருண்டையைக் கயிறு கட்டி இழுத்துப் போய், மண்மூட்டை அடுக்கி, வெடிமருந்து வைத்துத் தகர்த்துவிட்டார்களாம். ஊரெல்லாம் சத்தம் கேட்டதாம். அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

“கண்டக்டரண்ணே, பஸ்ஸு முழுக்க நம்ம ஆளுங்கதானே. அவரு மாஸ்டருன்னு ஒருத்தருகூட சொல்லலியா?”

அவர் கீழே பார்த்தார். “எனக்கும் புள்ளகுட்டி இருக்கும்மா.”

காகிதம்தான் அது என்று காட்டுவதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த உருண்டை. அதைத் தகர்த்தாயிற்று. சத்தம் கேட்டவர்களுக்கோ, மாஸ்டர் கொண்டுவந்தது வெடித்தது என்பதுதான் செய்தி. பாடசாலை அதிபரிடம் ஓடினேன். ஒரு தடவை பொலிசுக்கு வந்து, இது பாடசாலை வேலைதான் என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். “விசாரண முடியட்டும் புள்ள. இப்ப போனா பாடசாலைக்கும் பிரச்சின வரும்” என்றார். நாசமாய்ப் போக என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு நானே பொலிசுக்குப் போனேன். எனக்குச் சிங்களம் நன்றாக வரும்.

அதிகாரி மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். அது என்ன என்று கேட்டார். சொன்னேன். கறுப்பு முகம், வெள்ளை முகம், தூசி, பனி, இடுப்பைச் சுற்றிய மலை, அது நிற்பதற்காகக் கம்பி, தொங்கவிடுவதற்காக நுனி என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, “நிலா செய்ய வேண்டுமென்றால் நம்முடைய நிலாவைச் செய்திருக்கலாமே?” என்றார். எங்கள் அம்மா கேட்ட அதே கேள்வி.

பிறகு சொன்னார்: “உன் அண்ணனும் இதையேதான் சொன்னான். இதே வரிசையில், ஒரு சொல் மாறாமல். உண்மை சொல்கிறவர்கள் அங்கே இங்கே தடுமாறுவார்கள். நீங்கள் இரண்டு பேரும் நன்றாகப் பாடமாக்கி வந்திருக்கிறீர்கள்.”

ஐயோ, பாடமாக்கியதுதான்! கண்காட்சிக்காகப் பாடமாக்கியது! அழுதுகொண்டே அதையும் சொன்னேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இன்றைக்கும் அடுப்படியில் நிற்கும்போது இந்த நினைப்பு வரும்: கொஞ்சம் தப்பாகச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரோ?

அண்ணனைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். சனியனை வீட்டுக்குள் வைத்துச் செய்தால் இப்படித்தான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அத்தனை தூரத்தில் பனியும் தூசியுமாகத் தன்பாட்டில் கிடக்கிற சனி என்ன செய்தது? செய்ததெல்லாம் மனுசர்கள். அம்மா கடைசிவரை மகன் வருவானென்று வாசலைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடினார். போர் முடிந்து வெகு நாள் கழித்து, வழக்கில்லை என்று அண்ணனை விட்டார்கள். முன்பற்கள் இல்லை. ஒரு காது கேட்பதில்லை. பாடசாலைப் பக்கமே அவர் திரும்பவில்லை. இப்போது என் வீட்டில் இருக்கிறார். கொல்லையில் மிளகுக் கொடிகளுக்கு அடியில் களை பிடுங்குவார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். பேச்சு ஒன்றிரண்டு சொல்தான்.

போன மாதம் என் போனில் இயாப்பெட்டஸின் படம் ஒன்று கிடைத்தது. அந்தக் கறுப்பு, அந்த வெள்ளை, அந்த மலைத்தொடர், எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. மனசு கேட்கவில்லை. இதைப் பார்த்தாலாவது பழைய அண்ணன் ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாரா என்று கொல்லைக்கு ஓடினேன். “அண்ணே, இது என்னான்னு தெரியுதா?” என்று போனை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவர் பார்த்தார். கையிலிருந்த களைக்கொத்தியைக் கீழே வைத்தார். எழுந்து நின்று, கைகள் இரண்டையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, கண்களைத் தாழ்த்தினார்.

“மம தன்னே நே சேர்” என்றார். எனக்குத் தெரியாது சேர் என்று, என்னிடம், சிங்களத்தில்.

“அண்ணே, நான்தாண்ணே, தங்கச்சி” என்று அவர் கையைப் பிடித்தேன்.

“மம தன்னே நே சேர்.”