வீட்டு விலாசம் இல்லாத இரண்டு உறுப்பினர்கள்

பிழை விட்டது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்வது சுலபம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மெல்பேர்னின் தென்கிழக்குப் பக்கத்தில் ஒரு சுகாதாரக் காப்புறுதி நிதியத்தின் கிளையில் கிளார்க்காகச் சேர்ந்தேன். அரசாங்கமே எல்லாருக்கும் வைத்தியக் காப்புறுதி தரும் திட்டம் அப்போது வந்திருக்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு நிதியத்தில் சேர்ந்து சந்தா கட்டி வரவேண்டும். எங்களுடையது விக்டோரியா மாநிலத்துக்குள் பதிவான நிதியம். சந்தா வாங்குவது, ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்ப்பது, வருகிறவர்களுக்கு விதிகளை விளங்கப்படுத்துவது, இவைதான் கவுண்டரில் வேலை.

யாழ்ப்பாணத்தில் நான் கணக்கு ரீச்சர். அந்தப் படிப்பை இங்குள்ள பள்ளிக்கூடங்கள் ஏற்கவில்லை. அதனால் இந்த வேலை கிடைத்தது எனக்குப் பெரிய காரியம். முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். கிளையில் எட்டுப் பேர். சேலை உடுத்தி வேலைக்குப் போனவள் நான் ஒருத்திதான்.

கரவனோடு வந்தவர்கள்

சேர்ந்து மூன்றாவது மாதம் வயதான தம்பதியர் இருவர் கவுண்டருக்கு வந்தார்கள். அவர் தொப்பி போட்ட வெள்ளைத் தோல்காரர். அந்த அம்மா பூப்போட்ட கவுன் அணிந்திருந்தார். என் முன்னால் இருந்த பெயர்ப்பலகையில் பரமேஸ்வரி என்று இருந்ததை அந்த அம்மா எழுத்து எழுத்தாக வாசித்துவிட்டுத் தமிழில் கேட்டார்:

"புள்ள, நீ யாழ்ப்பாணமா?"

ஓம் என்றேன். அவர்கள் போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த, தமிழ் பேசத் தெரிந்த மட்டக்களப்புப் பறங்கியர். வின்சன்ட், டொரீன் என்று பெயர். ஐம்பதுகளில் மெல்பேர்னுக்கு வந்தவர்கள். வின்சன்ட் அங்கிள் லொறித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டொரீன் அன்ரி ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் சமையல் வேலை செய்தவர். பிள்ளைகள் இல்லை. வீட்டை விற்று, படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள இழுவை வண்டியான கரவன் ஒன்று வாங்கிவிட்டார்கள். காரில் அதைக் கொளுவிக்கொண்டு ஒஸ்ரேலியா முழுக்கச் சுற்றப்போகிறார்கள். எப்போது திரும்புவோம் என்று அவர்களுக்கே தெரியாது.

அன்ரிக்குப் பித்தப்பையில் கல் இருந்தது. இப்போதைக்கு வெட்டத் தேவையில்லை, ஒருநாள் தேவைப்படலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். எங்கள் நிதியத்தில் அவர்கள் பன்னிரண்டு வருடமாக உறுப்பினர்கள். வீட்டு விலாசம் இல்லாமல் போனால் காப்புறுதியும் போய்விடும் என்று அயலவர் யாரோ பயங்காட்டியிருக்கிறார்கள்.

விதிப் புத்தகத்தை எடுத்து விலாசம் பற்றிய பக்கத்தைப் பார்த்தேன். தபால் கிடைக்கக்கூடிய விலாசம் ஒன்று இருந்தால் போதும் என்று இருந்தது. அன்ரியின் தங்கை மெல்பேர்னுக்குப் பக்கத்தில் கிரான்பர்னில் இருந்தார். அந்த விலாசத்தை எழுதிக்கொண்டு ஆறு மாதச் சந்தாவை முன்கூட்டியே கட்டச் சொன்னேன். பிறகு, "கவலைப்படாதேங்கோ அன்ரி, ஒஸ்ரேலியாவில எங்க போனாலும் உங்களுக்குக் காப்பு இருக்கு" என்றேன்.

அன்ரி கவுண்டருக்கு மேலாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்தார். அன்றைக்கு வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது எனக்கு என்னைப் பற்றி நல்ல எண்ணம் இருந்தது.

புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள்

ஏழு வாரம் கழித்துத் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதத்தின் கொப்பி என் மேசைக்கு வந்தது. அடிலெய்டுக்குக் குடிபோன ஒருவரின் ஆஸ்பத்திரி பில்லை நிராகரித்திருந்தார்கள். காரணம், நான் திறந்தே பாராத கடைசிப் பக்கங்களில் இருந்த ஒரு விதி. உறுப்பினர் ஒருவர் எட்டு வாரத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் தங்கினால், அந்த மாநிலத்துச் சகோதர நிதியத்துக்கு மாற்றல் ஃபோம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உறுப்புரிமை முடிந்துவிடும். பிறகு சேர்ந்தால் புது ஆள்தான். ஏற்கெனவே உள்ள நோய் வருத்தத்துக்கு ஒரு வருடம் காப்பு இல்லை.

மூன்று தரம் வாசித்தேன். நாட்காட்டியைப் பார்த்தேன். அவர்கள் கிளம்புவதாகச் சொன்ன திகதிப்படி, எல்லை தாண்டி ஆறு வாரமும் இரண்டு நாளும் ஆகியிருக்கும். பன்னிரண்டு நாள் மிச்சம் இருந்தது.

அன்று முழுக்க ஒருவருக்கும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், சொல்லாமலே விட்டால் என்ன என்றும் யோசித்தேன். நான் சொன்னது வாய்ப்பேச்சு. எங்கும் பதிவு இல்லை. தமிழில் சொன்னது, பக்கத்து மேசைக்காரருக்குக்கூட விளங்கியிராது. வேலை போனால் எங்கள் வீடு தாங்காது. ஆனால் வழியில் எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, உங்களுக்குக் காப்பு இல்லை என்று யாரோ சொல்லும் காட்சி என் கண்ணை விட்டுப் போகவில்லை. வீட்டில் கணவரிடம் சொன்னேன். "நாளைக்குக் காலமை முதல் வேலையா மனேஜரிட்டச் சொல்லும்" என்றார்.

எங்கள் மனேஜர் மிஸ்டர் கோல்மன் அதிகம் பேசாதவர். சேர்ந்த நாளிலிருந்து என்னோடு அவர் பேசியது ஒரு பக்கத்துக்குள் அடங்கும். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். விதிப் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை வாசித்தார். நீங்கள் அவர்களிடம் சொன்னதை அதே வார்த்தைகளில் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தைத் தானும் வருடக்கணக்காக வாசிக்கவில்லை என்றார்.

பிறகு அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "விதியை என்னால மாத்த ஏலாது. ஆளைத் தேடலாம். என்ர ரெலிபோனை எடுங்கோ."

வெளி மாநிலத்துக்கு ஒரு அழைப்பு எடுப்பதற்கே அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டிய காலம் அது.

ஆறு கடலில் சேரும் இடங்கள்

முதலில் கிரான்பர்ன் தங்கையைக் கூப்பிட்டேன். சிட்னியிலிருந்து ஒரு அஞ்சலட்டை வந்திருந்தது, அவ்வளவுதான். சிட்னியில் லிட்கம்மில் இருந்த, வின்சன்ட் அங்கிளின் அக்கா மகளான மருமகள் ஒருத்தியின் நம்பரைத் தந்தார். மருமகள், அவர்கள் பத்து நாளுக்கு முன்பே கரையோரமாக வடக்கே போய்விட்டார்கள் என்றாள்.

வழியிலுள்ள பெரிய தபாற்கந்தோர்களுக்கு, வந்து கேட்டால் கொடுக்கும்படி கடிதங்கள் அனுப்பினேன். அவர்கள் போய்க் கேட்பார்கள் என்பதற்கு எந்த நிச்சயமும் இல்லை. கரவன்களை நிறுத்தித் தங்கும் கரவன் பார்க்குகளைப் பற்றி மோட்டார் சங்கம் வெளியிட்ட புத்தகத்தை மிஸ்டர் கோல்மன் தன் காரிலிருந்து எடுத்து வந்து தந்தார். சிட்னிக்கு வடக்கே மட்டும் பக்கம் பக்கமாக இடங்கள். எங்கே தொடங்குவது?

மருமகளை மறுபடியும் கூப்பிட்டேன். மாமாவுக்கு எப்படியான இடம் பிடிக்கும் என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. ஆறு போய்க் கடலில் விழுகிற இடமாகப் பார்த்துத்தான் நிற்பார், தூண்டிலோடு, மட்டக்களப்பு வாவி மாதிரி இருக்கிறதென்று சொல்லிக்கொண்டு, என்றாள்.

தேசப்படத்தை விரித்து வடக்கே உள்ள ஒவ்வொரு ஆற்று முகத்தையும் சிவப்புப் பென்சிலால் குறித்தேன். அந்த ஊர்களின் கரவன் பார்க்குகளை மட்டும் பட்டியல் போட்டேன். பக்கத்து மேசையில் இருந்த ஜோன் என்ற பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காலை வணக்கத்துக்கு மேல் என்னோடு பேசியிராதவர். என்னைப் பிடிக்காது என்றே நினைத்திருந்தேன். எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல் பட்டியலின் கீழ்ப்பாதியைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனார். கவுண்டரில் ஆள் இல்லாத நேரமெல்லாம் இருவரும் மாறி மாறிக் கூப்பிட்டோம்.

நான்காம் நாள் ஒரு பார்க்கின் சொந்தக்காரி, "அந்த மீன்கறி ஆட்களா?" என்று கேட்டார். பார்க் முழுவதற்கும் கறி சமைத்துக் கொடுத்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை கிளம்பிவிட்டார்களாம். இன்னும் வடக்கே. நான் அந்த ஊரைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு அடுத்த ஆற்றுக்குப் போனேன். அங்கே இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

ஆறாம் நாள் மத்தியானம் ஜோன் ரிசீவரைக் காதில் வைத்தபடியே மற்றக் கையை உயர்த்தினார். கரவன் அங்கே நின்றது. பார்க் ஆள் ஆற்றங்கரைக்குப் போய் அவரைக் கூட்டிவரும்வரை காத்திருந்தேன். முழு அலுவலகமும் வேலை செய்வதுபோல் பாவனை செய்துகொண்டு என்னைப் பார்த்தது.

"அங்கிள், நான் பரமேஸ்வரி. உங்களுக்கு நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

விதியைச் சொன்னேன். நான் வாசிக்காமல் சொன்னதையும் சொன்னேன். 

"இன்னும் எத்தின நாள் இரிக்கு?"

"ஆறு நாள், அங்கிள்."

"ஆறு நாள் இரிக்கு எண்டா என்னத்துக்குப் புள்ள அழுறாய்?"

அழுகிறேன் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் காலத்தில் சின்ன ஊர்களில் மருந்துக் கடைக்காரர்தான் நிதியங்களின் முகவர். அந்த ஊர் மருந்துக் கடையில், அந்த மாநிலமான நியூ சவுத் வேல்ஸின் சகோதர நிதியத்தின் மாற்றல் ஃபோம் இருந்தது. உறுப்பினர் இலக்கத்தையும் சேர்ந்த திகதியையும் மிஸ்டர் கோல்மனே அந்தக் கடைக்காரருக்கு ரெலிபோனில் வாசித்துக் காட்டினார். பின்னேரம் நான்கு மணிக்கு முன் ஃபோமில் முத்திரை விழுந்தது. அதை உறுதி செய்து தந்தி வந்தபோது, ஜோன் எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

பிறகு நடந்தது

ஐந்து வாரம் கழித்து, அதே கரையோரத்தில் இன்னொரு ஊரில், அன்ரிக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் பித்தப்பை பழுதாகியிருப்பதாகச் சொல்லி உடனே ஒபரேசன் செய்தார்கள். அங்கிள் மாற்றலுக்குப் பிறகு கிடைத்த புது உறுப்பினர் அட்டையைக் காட்டினார். அங்கிருந்த கிளார்க் இலக்கத்தை எழுதிக்கொண்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தாராம். அதற்கு மேல் ஒரு கேள்வியும் இல்லை. அடுத்த நாள் அங்கிள் என்னைக் கூப்பிட்டு, "டொரீன் கண் முழிச்சிட்டா. கஞ்சி கேக்கிறா" என்றார். நான் ரிசீவரை வைத்துவிட்டு அலுவலகத்துக்கே அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

மிஸ்டர் கோல்மன் இந்த விஷயத்தைத் தலைமையகத்துக்கு எழுதினார். அனுப்புமுன் எனக்குக் காட்டினார். "எங்கள் கிளை தவறான ஆலோசனை வழங்கியது" என்று இருந்தது. என் பெயர் எங்கும் இல்லை. கரவனில் போகிறவர்களுக்காக ஒரு பக்கக் குறிப்பு தயாரிக்க அனுமதி வேண்டும் என்று முடித்திருந்தார். அனுமதி வந்தது. நானும் ஜோனும் அதை எழுதினோம்: தபாலுக்கு ஒரு விலாசம், எல்லை தாண்டிய திகதியைக் குறித்து வைத்தல், மாற்றல் ஃபோம், முகவர்களான மருந்துக் கடைகளின் பட்டியல். அம்புலன்ஸுக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறு சந்தா என்பதை ஜோன்தான் நினைவுபடுத்தினார். செம்மறி மயிர் வெட்டுவோர், பழம் பிடுங்கப் போவோர், ஒரு சர்க்கஸ் குடும்பம் என்று ஊர் ஊராகப் போகிற எல்லாரையும் பிறகு என் மேசைக்கே அனுப்பினார்கள். தகுதிகாண் காலம் முடிந்து வேலை நிரந்தரமானது.

இரண்டு வருடம் கழித்து அவர்கள் மெல்பேர்னுக்கு வந்தபோது கிளைக்கும் வந்தார்கள். அன்ரி மெலிந்திருந்தார், ஆனால் நல்ல சுகம். மிஸ்டர் கோல்மனின் கையையும் ஜோனின் கையையும் பிடித்து நன்றி சொன்னார். நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"நீ பிழை விட்டது எங்களுக்கு எப்பிடித் தெரியும் புள்ள?" என்றார் அன்ரி. "நீ சொல்லித்தானே தெரியும்."

கவுண்டர் வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அதற்குள்ளேயே இருக்கிறது. புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை வாசியுங்கள். அப்படியும் பிழை வரும். வந்தால், தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள். நான் ஒரு நாள் பிந்தினேன். அந்த ஒரு நாளைப் பொறுத்துக்கொண்டு தன் ரெலிபோனை என் பக்கம் தள்ளிய மனிதருக்கும், கேட்காமலே பட்டியலில் பாதியை எடுத்துப்போன பெண்ணுக்கும் நான் முப்பது வருடம் பார்த்த உத்தியோகம் கடன்பட்டிருக்கிறது.