கமராவில் ஒட்டிய பொட்டு

விடியாத இருட்டில் காலை மெட்ரோ ஏறினால் ஒரு தமிழ்ப் பெண் எனக்கு எதிரே இருப்பாள். நெற்றியில் பொட்டில்லை, கைபேசியின் கமராவை மட்டும் ஒரு கறுப்பு ஒட்டுப்பொட்டு மூடியிருக்கும். இணையப் பாதுகாப்புப் படிக்கிறாள். படிப்புச் செலவு நாங்கள் குடியேறிய இந்த நாட்டு அரசாங்கத்துடையது. முடிந்ததும் சில வருடங்கள் அரசாங்கத்துக்கே வேலை செய்ய வேண்டும். இவ்வளவையும் கலகலப்பாகச் சொன்னவள், "ஊரிலை எவடம் பிள்ளை?" என்று நான் வழக்கம்போலக் கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஒருநாள் அவள் மடியில் கைபேசி அதிர்ந்தது. திரையில் 'மாமா' என்றிருந்தது. அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுங்கோவன் பிள்ளை."

"அவர் யாழ்ப்பாணத்திலை அன்ரி. வேலைக்கு முதல் விசாரிப்பினம், வெளிநாட்டிலை ஆரோடை கதைக்கிறனான் எண்டு. கதைக்காட்டி சொல்லத் தேவையில்லைத்தானே."

"கதைக்கக் கூடாதெண்டு சொன்னவையோ?"

"இல்லை. ஒருத்தரும் சொல்லேல்லை."

எனக்கு எரிச்சலாக இருந்தது. யார்மீது என்றுதான் தெரியவில்லை.

பனிக்காலம் முடியும்போது மறுபடி கண்டேன். விசாரணை முடிந்து, வேலை உறுதியாகிவிட்டதாம்.

"அப்ப இனி மாமாவோடை ஆறுதலாகக் கதைக்கலாம்" என்றேன்.

"அவர் போன மாதம் காலமாகிட்டார், அன்ரி."

அவள் கைகளைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்றிருந்தன.

"விசாரணையிலை மாமாவைப் பற்றிக் கேட்டவை. அப்ப அவர் உயிரோடை இருந்தவர். கதைக்கிறேல்லை எண்டு சொன்னனான். அது பொய்யில்லைத்தானே?"

அவள் இறங்கும் இடம் வந்தது. பதில் கேட்காமலே எழுந்தாள். கமராவில் ஓரம் கிளம்பியிருந்த பொட்டைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே இறங்கிப் போனாள்.