கலைந்து போகச் சொல்லும் சொல்

அத்தையின் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "பெர்சுராய்!" என்று ஒலிபெருக்கியில் அதட்டுவதைப் போல அவர் சொன்னதும், என் பிரவுசிங் சென்டரில் தேர்வு முடிவு பார்க்க வந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அது இரண்டாயிரத்தையொட்டிய காலம். கோவில்பட்டியில் ரயில் நிலையம் போகும் சாலையில் சில கணினிகளோடு கடை நடத்திவந்தேன். சென்னையில் மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒன்றில் இருந்த தோழி ஆங்கிலச் சொற்களை அனுப்புவாள். இணையத்தில் மொழி கற்பவர்களுக்காக அவற்றை மலாயில் எழுதித் தர வேண்டும். நான் ஆங்கிலத்தைத் தமிழில் விளக்குவேன், அத்தை மலாயில் சொல்வார். சமையல், மழை, ஆஸ்பத்திரி எல்லாம் முடிந்திருந்தன. அந்த வாரம் வந்தவை தெருப் போராட்டம் பற்றிய சொற்கள்.

அத்தை என் அப்பாவுக்குப் பெரியப்பா மகள். மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பக்கத்து ஊர் மலாய்ப் பள்ளியில் படித்து, இள வயதிலேயே விதவையாகிக் கப்பலேறிப் பசுவந்தனைக்கு வந்தவர். மாமா எப்படி இறந்தார் என்று யாரும் கேட்டதில்லை. ஏதோ காய்ச்சல் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். இங்கே அத்தை கரிசல் காட்டில் பருத்தி எடுத்தார். எங்களோடு டவுனுக்கு வந்தபின் வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டினார். மலாய் பேச ஆளில்லாமல் பாதி ஆயுளைக் கழித்தவருக்கு என் கடைக்கு வரும் பிற்பகல்கள் பிடித்திருந்தன. தலை வாரி, நல்ல சேலை கட்டி வருவார்.

வேலைநிறுத்தம் என்றேன். "மோகோக்" என்றார். ஊர்வலத்துக்கும் பதாகைக்கும் தயங்காமல் சொன்னார். ஆர்ப்பாட்டத்துக்கு "துஞ்சுக் பெராசாஆன்" என்று சொல்லிவிட்டு, "மனசுல இருக்கதைக் காட்டுததுன்னு அர்த்தம் ஏட்டி" என்று சிரிக்கவும் செய்தார். "கூட்டத்தைப் பார்த்துப் போலீஸ் கலைஞ்சு போங்கன்னு சொல்லும்லா அத்தை, அதுக்கு என்ன?" என்றேன். அப்போதுதான் அந்த 'பெர்சுராய்' வந்தது.

பிறகு அவரே சொன்னார். மலாயாவில், வேலையை விட்டு நீக்கப்பட்டவர்களுக்காகத் தோட்டமே திரண்டு ரோட்டில் உட்கார்ந்திருக்கிறது. மாமாவும் இவரும் கைகோத்தபடி முன்வரிசையில். "போலீஸ்காரன் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னான். நான் அவிய கையை உதறிட்டு ஓடிட்டேன். நான் கலைஞ்சுட்டேன். அவிய கலையல." தடியடியில் விழுந்தவரை லாரியில் ஏற்றிப் போனார்கள். மறுநாள் உடல்தான் வந்தது. அழாமல் சொல்லி முடித்து, "அடுத்த வார்த்தை என்ன?" என்றார். நான் கணினியை அணைத்துவிட்டேன்.

சில நாள் கழித்து, தீப்பெட்டி ஆலைகளை மூடக் கூடாது என்று பெண்கள் ஊர்வலமாக வந்து என் கடைக்கு எதிரே சாலையில் உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் மைக்கைப் பிடித்து, "எல்லாரும் கலைஞ்சு போங்க" என்றார். நான் ஷட்டரை இறக்கப் போனேன். கடைக்குள் இருந்த அத்தை என்னைத் தாண்டி இறங்கிப்போய் அந்தப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். கண்களை இறுக மூடியிருந்தார். அடிக்காகக் காத்திருக்கிறார் என்று புரிந்தது. "அத்தை, எந்திச்சு வாங்க" என்று நான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. அடி விழவில்லை. பெண் காவலர் ஒருவர், "ஆச்சி, பைய ஏறுங்க" என்று கையைப் பிடித்து வேனில் ஏற்றினார்.

எல்லோரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். வெளியே காத்து நின்றேன். வெயில் தாழ்ந்ததும் கதவைத் திறந்துவிட, பெண்கள் பேசிச் சிரித்தபடி வந்தார்கள். அத்தை கடைசியாக வந்தார். உள்ளே எலுமிச்சம்பழச் சோறு கொடுத்தார்களாம், தொடவில்லையாம். ஆட்டோவில் ஏறியதும் என் தோளில் சாய்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"சாயங்காலம் ஆனா வீட்டுக்கு அனுப்பிருதாங்க ஏட்டி. அவியளையும் அனுப்பியிருக்கலாம்லா."

அதன் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. மீதிச் சொற்களைத் தோழி வேறு யாரையோ வைத்து முடித்துக்கொண்டாள். இன்று கைபேசியில் எதைத் தட்டினாலும் மலாய் வந்து நிற்கிறது. அப்பா போய்விட்டார், அத்தையும் போய்விட்டார். மாமாவின் பெயர் என்ன என்று கேட்க இப்போது ஆளில்லை. அத்தை கடைசிவரை அவரை 'அவிய' என்று மட்டுமே சொன்னார்.