பிறம்ரன் எவ்வளவு தூரம்

மல்வேர்னிலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில் அந்த முதியவரைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காதை மூடிய கம்பளித் தொப்பி, முழங்காலுக்குக் கீழே இறங்கிய கோட்டு. பக்கத்தில் யார் வந்து இருந்தாலும் ஒரு கேள்வி கேட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்.

"தம்பி, சூரியன் தூரமோ, பிறம்ரன் தூரமோ?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"சூரியன்தான் அங்கிள். பிறம்ரன் பக்கத்து நகரம்தானே, காரில ஒரு மணித்தியாலம்."

"சீனாவில ஒரு ராசகுமாரனும் உப்பிடித்தான் சொன்னவன்."

அவருடைய மருமகள் சீனப் பெண். எல்லோரும் ஒரே வீட்டில் இருந்த காலத்தில் அவள் பேத்திக்குச் சொன்ன பழைய கதை அது. பகைவரிடம் பறிகொடுத்த தலைநகரை நினைத்து அழுத அரசன், மடியிலிருந்த மகனிடம், சூரியன் தூரமா, அந்த நகரம் தூரமா என்று கேட்டானாம். "சூரியன்தான். அங்கிருந்து ஒருவரும் வந்ததில்லையே" என்றதாம் பிள்ளை. பூரித்துப்போன அரசன் மறுநாள் சபையில் அதையே கேட்க, "நகரம்தான்" என்று மாற்றிச் சொன்னதாம். "நிமிர்ந்து பார்த்தால் சூரியன் தெரிகிறது, நகரம் தெரியவில்லையே!"

நான் சிரித்துவிட்டேன். "அப்ப பிறம்ரன்?"

"மகனும் மருமகளும் பேத்தியும் அங்க வீடு வாங்கிக்கொண்டு போயிட்டினம். நிமிந்து பாத்தாலும் தெரியேல்லை, அங்கயிருந்து ஒருத்தரும் வாறதுமில்லை. ரெண்டு கணக்கிலயும் பிறம்ரன்தான் தூரம்." தொப்பியைக் காதுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, "பேத்தி கேட்டா உதுக்குச் சிரிப்பாள்" என்றார்.

அவருடைய தரிப்பு வந்துவிட்டது. மெல்ல இறங்கிப் போனார். அதன்பிறகு அந்த பஸ்ஸில் அவரைக் காணவில்லை. மகன் வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பான் என்றே நான் நினைத்துக்கொள்கிறேன்.