மூன்றாம் நாள் மீன்

இன்று எங்கோ மீன் பொரிக்கும் வாசம் வந்ததும், குட்மேய்ஸ் என்ற ஊரில் நாங்கள் ஒண்டியிருந்த, இப்போது இடித்துவிட்ட மாமி வீட்டுக் குசினியும், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு மேலே தொங்கிய கோப்பை துடைக்கும் துணியும் நினைவுக்கு வந்தன. மின்னலைப் பிடிக்கப் பட்டம் விட்ட பழைய அமெரிக்க அரசியல்வாதியின் பொன்மொழி ஒன்று அதில் ஆங்கிலத்தில் இருந்தது: மூன்று நாளில் மீனைப் போலவே விருந்தாளியும் நாறுவாராம். முன்னறையில் மாமி வீட்டார் டிவி பார்த்துச் சிரிப்பது கேட்க, தனியே சாப்பிட்டபடி இரண்டு குளிர்காலம் அதையே வாசித்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாதென்பது ஆறுதலாக இருந்தது. வாராவாரம் அதைத் தோய்த்து, அயர்ன் செய்து மாட்டுவது அவர்தான். நாங்கள் வேறு வீடு மாறிய அன்று, எழுத்து சுவர்ப்பக்கம் போகத் திருப்பி மாட்டினார்.

“இனி வாறவையாவது இதை வாசிக்காமல் சாப்பிடட்டும்” என்றார்.